விட்டில்களுக்கு ஒரு திருத்தம்

2024ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தை லண்டனில் மகளின் வீட்டில் கழித்தேன். மாநகரின் தென்மேற்கே நியூ மோல்டன் என்னும் பகுதி. எம்மவர் பலர் வாழும் இடமாதலால் வாசகர்களுள் சிலருக்கு அத்தெருக்கள் பழக்கமானவையாக இருக்கக்கூடும். நாற்பது ஆண்டுகளாகப் பத்திரிகை அலுவலகங்களில் இரவு வேலை பார்த்தவனுக்கு உறக்கம் ஒழுங்காக வருவதில்லை. ஓய்வு பெற்ற பின்னரும், பக்கங்கள் அச்சுக்குப் போகும் அந்த அதிகாலை வேளையில் விழிப்பு வந்துவிடுகின்றது. அவ்வாறு விழித்த ஓரிரவில் ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். இரண்டு வீடுகள் தள்ளி, ஒரு தோட்டத்தின் புற்றரையில் நீலம் கலந்த வெளிச்சம் ஒன்று தரையோடு தரையாக எரிந்துகொண்டிருந்தது. விடியும் தறுவாயில் வயதான வெள்ளைக்காரர் ஒருவர் வீட்டு உடுப்புக்கு மேல் மழை அங்கி அணிந்து வந்து, அந்த வெளிச்சத்தின் முன் மண்டியிட்டு அமர்ந்தார்.

காலை உணவின்போது பத்து வயதுப் பேத்தியிடம் இதைச் சொன்னேன். அவளுக்கு அது புதினமாகத் தெரியவில்லை.

"அவர் அந்துப்பூச்சி பிடிக்கிறவர், அம்மப்பா. பிடிச்சு, பேர் எழுதிப்போட்டுத் திரும்ப விட்டிடுவார்."

பிடித்து, பெயர் எழுதிக்கொண்டு, திரும்ப விட்டுவிடுவார். அந்த வசனம் என் மனதில் நின்றுவிட்டது. பிடித்துப் பெயர் எழுதப்பட்டவர்கள் திரும்பி வராத ஒரு காலத்தில் செய்தி எழுதியவன் நான். ஆகவே, பிடித்தவற்றைத் திரும்ப விடும் மனிதரைப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது.

அவர் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர். எழுபது வயதைத் தாண்டியவர். அவரது பெயரை இங்கு எழுதுவதற்கு நான் அனுமதி பெறவில்லையாதலால் ஆசிரியர் என்றே குறிப்பிடுகின்றேன். அடுத்த பொறி வைக்கும் இரவுக்கு மறுநாள் காலை ஆறு மணிக்கு வரும்படி எனக்கும் பேத்திக்கும் அழைப்பு விடுத்தார். பிந்தி வந்தால் றொபின் குருவி முந்திவிடும் என்றும் எச்சரித்தார். பொறியின் அருகே காலை உணவு காத்திருப்பதை அப்பறவைகள் விரைவில் கற்றுக்கொள்ளுமாம்.

அவர் பயன்படுத்துவது ஸ்கின்னர் பொறி எனப்படும் எளிய மரப்பெட்டி. பெட்டியின் மேல் இரண்டு ஒளிபுகும் தகடுகள் உட்புறமாகச் சரிந்து, நடுவே ஒடுங்கிய இடைவெளி விட்டு நிற்கின்றன. அந்த இடைவெளிக்கு நேர்மேலே புறஊதாக் கதிர் கூடிய மின்குமிழ். வெளிச்சத்தைச் சுற்றித் தடுமாறும் பூச்சி தகட்டில் மோதி, வழுக்கி, இடைவெளியூடாக உள்ளே விழுந்துவிடும். உள்ளே முட்டை அடுக்கும் காகிதத் தட்டுகள் நிரப்பப்பட்டிருக்கும். பூச்சிகள் அந்தக் குழிகளுக்குள் ஒடுங்கி விடியும்வரை அமைதியாக இருந்துகொள்ளும். நஞ்சும் இல்லை, பசையும் இல்லை. இதனிலும் பெரிதான றொபின்சன் பொறி என்பது 1950இல் றொபின்சன் சகோதரர்கள் இருவர் அமைத்துக் காட்டியது. அதில் பாதரச ஆவி விளக்கு எரியும்; தெருவையே பகலாக்கும். அயலவர் உறக்கத்தைக் கெடுக்க விரும்பாத ஆசிரியர் 20 வாற்று விளக்கோடு நிறுத்திக்கொண்டார். அதையும் வாரத்தில் ஓரிரவு மட்டுமே ஏற்றுவார். ஒரே பூச்சியை நாள்தோறும் சிறைவைத்தால் அது உண்பது எப்போது, துணை தேடுவது எப்போது என்பது அவரது கேள்வி.

இலையுதிர்காலத்தின் தொடக்கம் இத்தொழிலுக்கு உகந்த காலம் என்றார். கோடையின் கடைசிப் பூச்சிகளும் இலையுதிர்காலத்தின் முதற் பூச்சிகளும் ஒரே பெட்டிக்குள் சந்திக்கும் மாதம் செப்டெம்பர். தெற்கேயிருந்து கடல் கடந்து வருபவையும் அம்மாதத்தில் சேர்ந்துகொள்ளும். காற்று அடங்கி, முகில் மூடி, சற்றுப் புழுக்கமாக இருக்கும் இரவே நல்ல இரவு. முழுநிலவில் பெட்டி ஏறக்குறைய வெறுமையாகவே இருக்கும். நிலவு வெளிச்சத்தில் வலை வீசுவதில் மீன் குறைவு என்று எம்மூர்க் கரையோர மக்கள் சொல்லக் கேட்டிருக்கின்றேன். அதை அவரிடம் சொன்னபோது உடனே தமது குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

முதல் நாள் பெட்டியைத் திறந்தபோது எனக்கு ஏமாற்றமாகவே இருந்தது. எல்லாம் மண்ணிறம். காய்ந்த இலை, மரப்பட்டை, புகையிலைத் துண்டு போன்ற நிறங்கள். அவர் ஒவ்வொரு தட்டாக எடுத்துத் திருப்பித் திருப்பிக் காட்டினார். சற்று நேரத்தில் என் கண்ணுக்கு மண்ணிறம் என்பது ஒரு நிறம் அல்ல என்பது புலப்படத் தொடங்கியது.

அதிகம் இருந்தது பெரிய மஞ்சள் உள்சிறகன் என்று தமிழிற் சொல்லத்தக்க ஒன்று. விஞ்ஞானப் பெயர் நொக்டுவா புரோனுபா. மேற்சிறகு மூடியிருக்கையில் வெறும் கபில நிறம். விரலால் மெல்லத் தொட்டால் சிறகு விலகி, கறுப்புக் கரை போட்ட செம்மஞ்சள் நிறம் பளீரெனத் தெரியும். துரத்தி வரும் பறவை அந்த மஞ்சளைக் குறிவைத்துப் பாயும், பூச்சி அமர்ந்து சிறகை மூடிய கணத்தில் மஞ்சள் காணாமற் போய்விடும், பறவை ஏமாறும். அடுத்த தட்டில் எபிரேய எழுத்து எனப் பெயர் பெற்ற ஒன்று இருந்தது. முற்சிறகில் உள்ள கரிய அடையாளம் நூன் என்னும் எபிரேய எழுத்தை ஒத்திருப்பதால் அப்பெயர். வேறொன்றின் தோளில் தேங்காய்ப்பூவுக்கு மஞ்சள் பூசியதுபோல மயிர் அடர்ந்திருந்தது. கனேரிக் குருவியின் நிறத்தை வைத்து அதற்குப் பெயரிட்டிருக்கின்றார்கள். இன்னொன்று சிறகை நீளவாட்டில் மடித்துக்கொண்டு, வாடிச் சுருண்ட இலையாகவே கிடந்தது. அது பூச்சிதான் என்று பேத்தி கைகாட்டிய பின்னரும் நான் நம்பவில்லை.

அன்று 61 பூச்சிகள், 14 இனங்கள். அவற்றுள் 23 மஞ்சள் உள்சிறகன்கள். ஒரு மூலையில் பெரிய குளவி ஒன்றும் இருந்தது. அதற்கு மட்டும் நாங்கள் மூவரும் மரியாதையுடன் வழிவிட்டோம்.

இரண்டாம் வாரத்தில் நான் சற்றுத் துணிவு பெற்றுவிட்டேன். ஒரு தட்டில் இருந்த சிறிய கபில நிறப் பூச்சியைப் பார்த்து, புத்தகத்தில் உள்ள படத்தையும் பார்த்து, "இதுதான் அது" என்று பெயர் சொல்லிவிட்டேன். ஆசிரியர் மறுக்கவில்லை. எப்படித் தெரியும் என்று மட்டும் கேட்டார். சிறகின் நடுவே சிறுநீரக வடிவில் ஒரு புள்ளி இருக்கின்றதே என்றேன். அவர் புத்தகத்தின் அடுத்த படத்தைக் காட்டினார். அதிலும் அதே புள்ளி. அவை இரண்டும் வெவ்வேறு இனங்கள். வெளித்தோற்றத்தை மட்டும் வைத்து அவற்றை உறுதியாகப் பிரித்தறிய இயலாது. பூச்சியைக் கொன்று உள்ளுறுப்புகளை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தாலே உறுதி கூற முடியும். அவர் அதைச் செய்வதில்லை. இரண்டில் ஒன்று என்று பொருள்படும் ஒரு சுருக்கக் குறியீட்டைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு அடுத்த தட்டை எடுத்தார்.

என் செவியில் ஏதோ உறைத்தது. எங்கள் அலுவலகத்தில் இரவு பத்து மணிக்கு மேல் வரும் செய்திக்கு அந்தச் சுருக்கக் குறியீட்டை வைத்துக்கொள்ளும் பொறுமை எவருக்கும் இருந்ததில்லை. இதுவா அதுவா என்று தெரியாவிட்டால், கூடிய பொருத்தமானதைப் போட்டுவிடுவோம்.

ஒரு பதிவு செல்லுபடியாவதற்கு நான்கு விபரங்கள் வேண்டும் என்று அவர் பேத்திக்கு விளக்கினார். என்ன, எங்கே, எப்போது, யார் கண்டது. இந்நான்கில் ஒன்று குறைந்தாலும் அது பதிவாகாது. இளம் செய்தியாளர்களுக்கு நான் ஆண்டாண்டாகப் படிப்பித்த பாடம் அல்லவா இது! ஆனால் எங்கள் பட்டியலில் ஏன் என்று ஐந்தாவதாக ஒன்றும் இருந்தது. அவரிடம் அது இல்லை. ஏன் என்பதைப் பிடித்தவன் எழுதக்கூடாது, பல்லாயிரம் பதிவுகள் சேர்ந்த பின்னர் அவை தாமே சொல்லட்டும் என்றார்.

அப்பதிவுகள் எங்கே போகின்றன என்று கேட்டேன். பிரித்தானியாவைத் தாவரவியலாளர் வாற்சன் 1852இல் 112 பதிவுப் பிரிவுகளாக வகுத்தார். நிருவாக எல்லைகள் எத்தனை முறை மாறினாலும் இயற்கைப் பதிவுகளுக்கு அந்தப் பிரிவுகள் இன்றும் மாறாதிருக்கின்றன. எங்கள் தெரு சரே என்னும் 17ஆம் பிரிவுக்குள் அடங்கும். ஒவ்வொரு பிரிவிலும் அந்துப்பூச்சிப் பதிவுகளைச் சரிபார்க்கும் பொறுப்பாளர் இருக்கின்றார். சந்தேகமான பதிவு போனால் படம் கேட்பார். படம் தெளிவில்லையெனில் நிராகரிப்பார். நான் கண்ட செய்தி ஆசிரியர்கள் பலரைவிடக் கண்டிப்பானவர் போலும். இவ்வாறு சாதாரண மனிதர்கள் எழுதி அனுப்பிய சுமார் 2 கோடியே 50 இலட்சம் பதிவுகளைக் கொண்டு, 893 பேரின அந்துப்பூச்சிகளின் பரம்பலைக் காட்டும் வரைபட நூல் ஒன்று 2019இல் வெளிவந்தது.

எண்ணுவதால் என்ன பயன் என்பதற்கு 2021இல் வெளியான அறிக்கை விடை சொல்கின்றது. 1968 முதல் 2017 வரையான 50 ஆண்டுகளில் பிரித்தானியாவின் பெரிய அந்துப்பூச்சிகளின் தொகை 33 வீதம் குறைந்துவிட்டது. நாட்டின் தென்பாதியில் 39 வீதம், வடபாதியில் 22 வீதம். றொதம்ஸ்ரெட் வேளாண் ஆய்வு நிலையம் நாடெங்கும் நடத்திவரும் ஒளிப்பொறிகள் இரவு தவறாமல் எண்ணியிராவிட்டால் இந்த இழப்பு எவருக்கும் தெரிந்திராது. இரவிலே நடக்கும் இழப்பு அல்லவா? வாழிடம் அழிதல், வேளாண்மை முறைகள், காலநிலை மாற்றம் எனக் காரணங்கள் பல. செயற்கை வெளிச்சமும் அவற்றுள் ஒன்று. தெருவிளக்கு எரியும் பற்றை வேலிகளையும் இருண்ட வேலிகளையும் ஒப்பிட்டு 2021இல் வெளியான ஆய்வொன்று, வெளிச்சம் விழும் வேலிகளில் அந்துப்பூச்சிப் புழுக்கள் 47 வீதம் குறைவாக இருப்பதைக் கண்டது. பழைய மஞ்சள் சோடியம் விளக்குகளைவிட இன்றைய வெண்ணிற எல்.ஈ.டி. விளக்குகளே கூடிய பாதிப்பை ஏற்படுத்தின.

மூன்றாம் வாரத்தில் ஆசிரியர் எங்களை மாலையில் வரச் சொன்னார். வேலியோரம் நீண்ட குழல் போன்ற வெள்ளைப் பூக்கள் பூத்த செடிகள் நின்றன. அருகில் சென்றபோது திகைத்துப்போனேன். புகையிலை! எமது தோட்டத்துப் புகையிலையின் நெருங்கிய உறவு. பூவுக்காகவும் வாசனைக்காகவும் வளர்க்கும் இனம். யாழ்ப்பாணத்தில் புகையிலைக் கன்றுகளுக்கு இடையே வளர்ந்தவன் நான். ஆனால் புகையிலை பூத்துக் குலுங்கி நான் கண்டது குறைவு. இலை தடிக்க வேண்டும் என்பதற்காகப் பூ வருமுன்னரே நுனியைக் கிள்ளிவிடுவார்கள். அவ்வாறு கிள்ளப்பட்ட பூ யாருக்காகப் பூக்க இருந்தது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

இருள் கவியும் வேளையில் அது வந்தது. முதலில் ஒரு சிறு குருவி என்றே நினைத்தேன். பூவில் அமராமல், காற்றிலேயே நின்றபடி, தன் உடலிலும் நீண்ட நாவைக் குழலுக்குள் செலுத்தித் தேனை உறிஞ்சியது. சாம்பல் நிறச் சிறகுகள் விரிந்தால் 10 சென்ரிமீற்றர் தேறும். வயிற்றின் இருமருங்கிலும் இளஞ்சிவப்புப் பட்டைகள். பேத்தி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "அம்மப்பா, அசையாதேங்கோ" என்றாள். ஆசிரியர் எதுவும் பேசவில்லை. அது போன பின்னரே மூச்சு விட்டார்.

அதன் விஞ்ஞானப் பெயர் அக்ரியஸ் கொன்வொல்வுலி. பருந்து அந்துக்கள் என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. தென் ஐரோப்பாவிலிருந்தும் ஆபிரிக்காவிலிருந்தும் பறந்து, கோடையின் முடிவில் இங்கிலாந்துக்கு வந்து சேரும் விருந்தாளி. உங்கள் நாட்டிலும் இது இருக்கின்றது என்று ஆசிரியர் சொன்னபோது நான் முதலில் நம்பவில்லை. புழுவின் படத்தைக் காட்டினார். தடித்த உடல், பக்கவாட்டில் சரிந்த கோடுகள், வாற்பக்கம் கொம்பு. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. வத்தாளைக் கொடியில் இலை தின்னும் கொம்புப் புழு! சிறுவயதில் கோடிப்புற வத்தாளைப் பாத்தியில் அதைத் தடியாற் தட்டி விழுத்தியிருக்கின்றேன். கொம்பு கொட்டும் என்று அம்மா பயமுறுத்துவார். கொம்பு கொட்டாது என்பதையும், அந்தப் புழு பின்னர் என்னவாகும் என்பதையும் எழுபது வயதுக்குப் பிறகு நியூ மோல்டனில் தெரிந்துகொண்டேன்.

இதைத் தமிழில் என்னவென்று சொல்வீர்கள் என்று ஆசிரியர் கேட்டார். பதில் என்னிடம் இல்லை. பகலிற் பறப்பதை வண்ணத்துப்பூச்சி என்கின்றோம். இரவிற் பறப்பவை அனைத்துக்கும் அந்துப்பூச்சி, விட்டில் என்ற இரண்டு சொற்களோடு முடித்துக்கொள்கின்றோம். அந்து என்றால் பெரும்பாலானோருக்கு அரிசியிலும் நெல்லிலும் விழும் பூச்சி. விட்டில் என்றால் விளக்கிலே விழுந்து சாவது. அவ்வளவே எங்கள் அறிமுகம். இலங்கையின் இப்பூச்சிகளை விரிவாக விபரித்த பழைய நூல் பிரெடெரிக் மூர் என்பவரால் எழுதப்பட்டு, 1880 முதல் 1887 வரை மூன்று தொகுதிகளாக லண்டனில் வெளிவந்தது. அதன் வண்ணப் படங்களுக்கு ஆதாரமான ஓவியங்களைத் தீட்டியவர்கள் பேராதனைத் தாவரவியற் பூங்காவோடு தொடர்புடைய டி அல்விஸ் என்னும் இலங்கை ஓவியக் குடும்பத்தினர். உள்ளூர்க் கண்கள் பார்த்துத் தீட்டியவற்றுக்கு உள்ளூர் மொழிகளில் தனித்தனிப் பெயர்கள் பெரும்பாலும் இல்லாமற் போனது வருந்தத்தக்கது.

அன்றிரவு பொறியைக் கொளுத்திவிட்டு நின்றபோதுதான் பேத்தி அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"ஏன் அம்மப்பா இதுகள் வெளிச்சத்துக்கு வருகுதுகள்?"

"ஆசை, பிள்ளை. விட்டிலுக்கு விளக்கில ஆசை. நெருப்பெண்டு தெரியாமல் போய் விழும்."

யோசியாமலே சொல்லிவிட்டேன். எங்கள் மொழியில் அதற்கு வேறு விடை இருப்பதாக நான் அறிந்ததில்லை. அவள் அதை ஆங்கிலத்தில் ஆசிரியருக்குச் சொன்னாள். அவர் பணிவோடு தலையசைத்து மறுத்தார்.

லண்டன் இம்பீரியல் கல்லூரியையும் புளோரிடா சர்வதேசப் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் 2024 ஜனவரியில் 'நேச்சர் கொமியூனிகேஷன்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வைப் பற்றி அவர் விளக்கினார். அதிவேகக் கமராக்களால் பூச்சிகளைப் படம்பிடித்துப் பார்த்தபோது, அவை விளக்கை நோக்கிப் பறக்கவில்லை. விளக்குக்குத் தங்கள் முதுகைத் திருப்பின. கோடிக்கணக்கான ஆண்டுகளாக இரவில் ஒளி கூடிய பக்கம் வானமாகவே இருந்து வந்துள்ளது. ஒளிக்கு முதுகைக் காட்டினால் பூச்சி நிமிர்ந்து நேராகப் பறக்கும். எது மேல், எது கீழ் என்பதை அது அறிந்துகொள்ளும் வழிகளுள் அது ஒன்று. அருகில் ஒரு செயற்கை விளக்கு எரிந்தால் அந்தக் கணக்கு பிழைத்துவிடுகின்றது. விளக்கின் பக்கமாகப் பறக்கும் பூச்சி முதுகை விளக்குக்குச் சரித்துச் சரித்துச் சுற்றிக்கொண்டே இருக்கும். விளக்குக்கு மேலாகப் பறப்பது தலைகீழாகப் புரண்டு விழும். கீழால் வருவது செங்குத்தாக ஏறி வேகமிழக்கும். விதிவிலக்கான இனங்கள் சில உண்டெனினும், பெரும்பாலானவை விளக்கை விரும்பி வருவதில்லை. தற்செயலாக அவ்வழியால் வந்து, வானம் எதுவென்று தெரியாமல் அகப்பட்டுக்கொள்கின்றன.

பேத்திக்கு அது விளங்கிவிட்டது. "பாவம், அதுகளுக்கு வழி தெரியேல்லை" என்று சொல்லிவிட்டுப் பொறியைப் பார்க்கப் போய்விட்டாள். எனக்கு அவ்விடத்தை விட்டு அகல முடியவில்லை.

1986ஆம் ஆண்டு. யாழ்ப்பாணத்தில் நாளிதழ் ஒன்றின் துணை ஆசிரியராக இருந்தேன். இளைஞர்கள் வீட்டுக்குச் சொல்லாமற் புறப்பட்டுப் போய்க்கொண்டிருந்த காலம். சிலருடைய மரணச் செய்தி வரும். சிலரைப் பற்றி எதுவும் வராது. அந்நாட்களில் நான் எழுதிய பத்தியொன்றில், விளக்கிலே வீழும் விட்டில்களாக எம் பிள்ளைகள் போகின்றார்கள் என்று ஒரு வரி இருந்தது. துயரத்தோடுதான் எழுதினேன். நல்ல வரி என்று அலுவலகத்தில் பலர் பாராட்டினர். நானும் மகிழ்ந்தேன் என்பதை மறைப்பதற்கில்லை.

ஒரு வாரத்தின் பின் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். கைப்பைக்குள் அந்தப் பத்திரிகை நான்காக மடிக்கப்பட்டிருந்தது. பஸ் பிடித்து வெகுதூரத்திலிருந்து வந்திருந்தார்.

"இதை எழுதினது ஆர்?"

"நான்தான், அம்மா. இருங்கோ."

அவர் அமரவில்லை.

"என்ரை பிள்ளை சாகவெண்டு போகேல்லைத் தம்பி. வழி தேடித்தான் போனவன்."

அவ்வளவுதான் சொன்னார். கோபம் இல்லை. பத்திரிகையை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். திருத்தம் போடும்படி அவர் கேட்கவில்லை. நானும் போடவில்லை. பெயரில் பிழை, திகதியில் பிழை என்றால் மறுநாள் திருத்தம் வெளியிடலாம். உவமைக்குத் திருத்தம் வெளியிடும் வழக்கம் எந்தப் பத்திரிகையிலும் இல்லை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அதனிலும் பெரிய பிழையொன்று உண்டு. அவருடைய பெயரையோ அவரது மகனின் பெயரையோ நான் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை. என்ன, எங்கே, எப்போது, யார் என்ற நான்கையும் விட்டுவிட்டு, ஏன் என்பதை மட்டும் தெரிந்தவன்போல எழுதியிருந்தேன்.

பின்னர் 1990இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய் கிடைப்பது அரிதாயிற்று. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் சிறிதளவு எண்ணெயும் இட்டு எரித்த விளக்கில் பக்கங்களைத் திருத்தினோம். இரவு வேளைகளில் பூச்சிகள் வந்து போத்தலின் வாயைச் சுற்றும். சில உள்ளே விழும். ஒவ்வொரு முறையும் அந்த அம்மாவின் நினைவு வரும். ஆனாலும் அவர் சொன்னது ஒரு தாயின் ஆற்றாமை என்றே எண்ணியிருந்தேன். மகனைப் பற்றிய தகவலாக அதை நான் எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் இருவரில் மகனை அறிந்தவர் அவர். நான் அறிந்திருந்தது ஓர் உவமையை மட்டுமே. இப்போது பார்த்தால் விட்டிலையும் நான் அறிந்திருக்கவில்லை.

மாத இறுதியில் நான் கொழும்பு திரும்புமுன் கடைசியாக ஒருமுறை பெட்டியைத் திறந்தோம். குளிர் ஏறியிருந்தது. 19 பூச்சிகள் மட்டுமே. பின்சிறகில் பிறைபோன்ற கறை உள்ள இலையுதிர்கால இனம் ஒன்று அவற்றுள் அதிகம். கருவாலி மரத்துப் பாசியின் பச்சை நிறத்தில், பிரெஞ்சுப் பெயர் தாங்கிய ஒரு பூச்சிக்காக ஆசிரியர் ஒவ்வோராண்டும் இந்நாட்களில் காத்திருப்பாராம். அது அன்று வரவில்லை. வரவில்லை என்பதையும் குறிப்பேட்டில் எழுதினார். வெள்ளியால் ஒய் என்ற ஆங்கில எழுத்தைப் பொறித்ததுபோன்ற சிறகுடைய ஒன்று இருந்தது. அது புலம்பெயரும் இனம். வசந்தத்தில் தெற்கிலிருந்து வருபவற்றின் சந்ததி, இலையுதிர்காலத்தில் சாதகமான காற்றைத் தெரிந்தெடுத்து உயரே பறந்து தெற்கே திரும்பிவிடுவதை ராடர் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வானத்தைச் சரியாகக் காண முடிந்தால் அச்சிறு உயிருக்கு வழி தெரிகின்றது.

பூச்சிகளை ஒவ்வொன்றாக எண்ணியபின் தட்டுகளை வேலியோரத்து அடர்ந்த ஐவிக் கொடிக்குள் கொண்டுபோய்ச் சரித்தோம். அக்கொடி பூத்திருந்தது. பறவைகளின் கண்ணிற் படாமல் பகலைக் கழித்துவிட்டு, இருட்டியதும் அப்பூக்களிலேயே தேனுண்டு போய்விடும். கடைசிப் பூச்சி பேத்தியின் விரலைவிட்டு நகர மறுத்தது. இலையோடு விரலை அணைத்துப் பிடித்து, அது தானாக ஏறிப் போகும்வரை அவள் காத்திருந்தாள். ஆசிரியர் குறிப்பேட்டை நீட்டி, அன்றைய பதிவில் கண்டவர் என்ற இடத்தில் என் பெயரையும் எழுதச் சொன்னார். தமிழில் எழுதினேன்.

பத்திரிகையில் இல்லாத வழக்கத்தை இந்தப் பக்கத்திலாவது தொடக்கி வைக்கின்றேன். 1986இல் நான் எழுதிய பத்தியில், எம் பிள்ளைகளை விளக்கிலே வீழும் விட்டில்கள் என்று குறிப்பிட்டிருந்தேன். அது பிள்ளைகளைப் பற்றியும் பிழை, விட்டில்களைப் பற்றியும் பிழை. அந்த அம்மா சொன்னதே சரி. அவர் இன்று இருப்பாரோ தெரியாது. இதை வாசிக்கும் யாரேனும் அவரை அறிந்திருந்தால், அவரது மகனின் பெயரை எனக்கு அறியத் தாருங்கள். எழுதிக்கொள்ள விரும்புகின்றேன்.

மற்றைய வாசகர்களுக்கு ஒரு சிறு வேண்டுகோள். இன்றிரவு உங்கள் விறாந்தை விளக்கைச் சுற்றி ஒரு பூச்சி தடுமாறினால், துடைப்பத்தை எடுக்க வேண்டாம். விளக்கைச் சற்று நேரம் அணைத்து வையுங்கள். அது தன் வழியைக் கண்டுகொள்ளும்.